பீடி தீரும்வரை பிடித்த பைனாகுலர்

மனைவிக்கு வலது மணிக்கட்டு உடைந்து கூடியது. அதன்பிறகு கனமாக எதையும் தூக்க மாட்டாள். அந்த வருடம் வேளாங்கண்ணி திருவிழாவுக்குப் போக ஆசைப்பட்டாள். கூட்டத்துக்குள் நுழையப் பயம். தூரத்தில் நின்றே மாதா முகத்தைப் பார்க்க வேண்டும் என்றாள்.

பைனாகுலர் வாங்க பர்மா பஜார் போனேன். அம்பத்தூர் கம்பெனியில் என் பக்கத்து லேத் ஓட்டுகிறவனும் வந்தான். நான் பெரியதாக ஒன்றை எடுத்தேன்.

"இன்னா மாமே, மிலிட்டரிக்கா போறே? கண்ணுல வெச்சிகினு நில்லு, நான் ஒரு பீடி பிடிக்கிறேன். அது தீர்ற வரிக்கும் ஆடாம நிக்குதா பாக்கலாம்" என்றான் அவன்.

பீடி பாதி எரிவதற்குள் பைனாகுலரில் தெரிந்த எதிர்க்கடை போர்டு எழுத்து ஆடியது. இரும்பு தூக்கிய என் கையே நடுங்கினால் அவள் கை என்ன ஆகும்? சட்டைப் பையில் அடங்கும் சின்னதை வைத்துப் பார்த்தேன். பீடி தீரும்வரை எழுத்து அசையவில்லை.

"பீடியை வெச்சி பைனாகுலர் வாங்குறவங்களை இப்பதான் பாக்குறேன், அண்ணாத்தே" என்றார் கடைக்காரர்.

வேளாங்கண்ணியில் விளக்கு போட்ட தேர் கிளம்பியது. கூட்டத்துக்கு வெளியே நின்று அவள் பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள். தேர் திரும்பியும் கையை இறக்கவில்லை.

"முகம் தெரியுதா?" என்றேன்.

"தெரியுது. பேசாம இருங்க."

மாதாவுக்கும் பீடி பிடித்த என் கூட்டாளிக்கும் சேர்த்தே மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன்.