இரண்டு மரிய கொறற்றிகள்

மாத்தளையில் ஒரு சிறிய கண் மருத்துவ நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த டிலுக்ஷிக்குக் கிடைத்த முதல் வேலை, மூவாயிரம் பழைய நோயாளி அட்டைகளைப் புதிய தரவுத்தளத்தில் ஏற்றுவது. ஆபரேசனுக்கு ஆட்களைக் கூப்பிடுவதும் இனி அதைப் பார்த்துத்தான். அட்டையைத் தொலைத்துவிட்டுப் புதிது வாங்கியவர்கள் நிறையப் பேர். ஒரே ஆள் மூன்று தடவை பதிவானார். அதனால் அவள் ஒரு விதி எழுதினாள்: பெயர், பிறந்த திகதி, தேயிலைத் தோட்டம் மூன்றும் ஏற்கெனவே இருந்தால் புதிய பதிவைச் சேர்க்காமல் விட்டுவிடு. இருநூற்றுப் பதினான்கு பதிவுகள் சத்தமில்லாமல் கழிந்தன. அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

எட்டு மாதம் கழித்து, இரத்தோட்டை பஸ்ஸில் வந்து இறங்கிய ஓர் அம்மா மேசையைத் தடவிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பேரு மரிய கொறற்றிங்க. ஆபரேசனுக்குக் கூப்பிடுறோம்னீங்க. இன்னும் கூப்பிடலயே மிஸ்."

டிலுக்ஷி தேடினாள். "ஒங்களுக்குப் பெப்ரவரியிலயே செஞ்சாச்சுன்னு இருக்கேம்மா."

நிமிர்ந்து பார்த்தாள். அந்த அம்மாவின் கண்கள் இரண்டும் வெளுத்திருந்தன.

"அது எங்க தோட்டத்துலயே மேல் லயத்து வீட்டுல இருக்கிற கொறற்றி. நாங்க ரெண்டு பேரும் ஒரே நாள்ல பொறந்தோம். அன்னைக்குப் புனித மரிய கொறற்றி திருநாள். ஞானஸ்நானம் குடுத்த சாமி ரெண்டு பேருக்கும் அதே பேர வச்சிட்டாரு." சொல்லிவிட்டுச் சிரித்தார். "அவ இப்ப ஊசியில நூல் கோக்குறா."

டிலுக்ஷியால் சிரிக்க முடியவில்லை. "தப்பு என்னோடதும்மா. ரெண்டு பேரும் ஒரே ஆள்னு நெனச்சு ஒங்கள விட்டுட்டேன்."

"எட்டு மாசமா கொழுந்து பறிக்கப் போகல மிஸ். சரி, இப்ப சேத்துருங்க."

அன்றே விதியை மாற்றினாள். அட்டை எண் ஒன்றாக இருந்தால் மட்டுமே பழைய பதிவு திருத்தப்படும். பெயரும் திகதியும் ஒத்து, எண் வேறாக இருந்தால் இரண்டும் பதிவாகும். அவை ஒரே ஆளா, இரண்டு பேரா என்று அவளே பார்த்து முடிவு செய்வாள். பெட்டிகளை இறக்கி எல்லா அட்டைகளையும் மறுபடி ஏற்றினாள். தகப்பன் பெயரை ஒப்பிட்டு, போன் எடுத்து விசாரித்ததில், மேலும் ஒன்பது பேர் இப்படி விடுபட்டிருந்தது தெரிந்தது.

கொறற்றிக்கு அடுத்த வாரமே ஆபரேசன் நடந்தது. துணைக்கு வந்தது மேல் லயத்துக் கொறற்றிதான். மறுநாள் கண்கட்டை அவிழ்த்ததும் அந்த அம்மா டிலுக்ஷியை உற்றுப் பார்த்தார்.

"ஐயோ, மிஸ் இம்புட்டுச் சின்னப் புள்ளையா!"

டிலுக்ஷி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஒன்பது பேரில் எட்டுப் பேர் போனில் கூப்பிட்டதும் வந்துவிட்டார்கள். எல்கடுவ செபஸ்தியனின் போன் மட்டும் வேலை செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் அவரைத் தேடி எல்கடுவவுக்கு பஸ் ஏறினாள்.