புஷ்பம் டீச்சர் வாசிக்க மறுத்த வரிகள்

மகனுக்குச் சப்பாத்துக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது ஹட்டனிலிருந்து தொலைபேசி வந்தது. புஷ்பம் டீச்சர் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். சிறுநீரகம் என்றார்கள். அது எப்படிக் கெட்டது என்று அவரோடு படிப்பித்த உங்களில் பலருக்குத் தெரியும். யாரும் சத்தமாகச் சொன்னதில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வட்டவளைக்கு மாற்றலாகி வந்தவர், எங்கள் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தார். சுவரில் ஒரே ஒரு படம். யோவான் சுவிசேஷத்தின் மிகப் பழைய கிரேக்கப் பிரதியில் எஞ்சிய துண்டு அது. உள்ளங்கையளவு நாணல் தாள், ஓரமெல்லாம் பிய்ந்து, முழு வரி ஒன்றுகூட இல்லாமல். குருமடத்தில் படித்த அவருடைய அண்ணன் அந்தப் படத்தை அனுப்பி, எழுத்துகளையும் பழக்கியிருந்தார்.

"என்ன டீச்சர், கரையான் தின்னதப் போயி மாட்டி வச்சிருக்கீங்க?" என்பார் என் கணவர்.

"கரையான் விட்டு வைச்சதைத்தான் மாட்டியிருக்கிறன், தம்பி."

கொழும்பில் குண்டு வெடித்த மறுநாள் படையினர் வீடு வீடாகத் தேடினார்கள். மகன் அப்போது கைக்குழந்தை. கணவருக்குக் கொழும்பில் கடை வேலை. படத்தைக் கண்ட அதிகாரி, இது என்ன இரகசிய எழுத்து என்று சிங்களத்தில் கேட்டார். வேதம் என்றேன். வாசிக்கச் சொன்னார். டீச்சர் விரல் வைத்து வாசிக்க, நான் சிங்களத்தில் சொன்னேன். பிலாத்து இயேசுவை விசாரிக்கும் இடம். ஒவ்வொரு வரியும் பாதியில் அறுந்தது. மிச்சம் எங்கே என்றார் அதிகாரி. மிச்சம் டீச்சருக்கு மனப்பாடம். சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

"அது பைபிளில இருக்கு, பிள்ளை. இந்தத் துண்டில இல்லை. இல்லாததை இருக்கெண்டு நான் வாசிக்கேலாது."

அதை எப்படிச் சிங்களமாக்கினேனோ, நினைவில்லை. எதையோ மறைக்கிறார் என்று முடிவுகட்டி, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். படத்தையும் கழற்றிக்கொண்டார்கள்.

மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தார். முகமும் காலும் வீங்கியிருந்தன. குந்தினால் எழ ஆள் வேண்டும். என்ன செய்தார்கள் என்று கேட்டேன். "தேத்தண்ணி இருக்கே?" என்றார். அவ்வளவுதான்.

அவரோடு அடைபட்டிருந்த, நல்லதண்ணி ஊர்ப் பெண் ஒருத்தி விடுதலையாகி என்னைத் தேடி வந்தாள். மகன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒங்க வீட்டுக்காரரு கொழும்புல இருந்து குண்டு செய்யிற சாமான் கொண்டாந்தாருன்னு சொல்லச் சொல்லித்தாங்க்கா அடிச்சாங்க. சொன்னா அன்னைக்கே விட்டுருப்பாங்க. அந்தம்மா ஒவ்வொரு வாட்டியும், அப்பிடி நான் காணேல்லைன்னு மட்டும் சொல்லும்."

அந்த நாட்களில் அப்படி ஒரு பெயர் சொல்லப்பட்டு, கூட்டிப்போகப்பட்டு, திரும்பாதவர்களை உங்களுக்கும் தெரியும்.

டீச்சருடைய பொருள் என்று என்னிடம் எதுவும் இல்லை. இதை எழுதும்போது அடுத்த அறையில் என் கணவர் மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். பொறுமையில்லாமல் சத்தம் போடுகிறார், பையன் சிணுங்குகிறான். நடுவில் ஒருமுறை எழுந்து போய் இருவரையும் பார்த்துவிட்டு வந்தேன். டீச்சர் எனக்கு விட்டுப்போனது அந்தச் சத்தம்.