நாலாம் பாகத்தில் கதவை மூடியவள்

விண்வெளிக் கப்பல்களில் சேஃப்டி ஆபீசர் என்று ஒருவர் ஒழுங்காக வேலை பார்த்திருந்தால், உலகத்து சயின்ஸ் ஃபிக்‌ஷன் படங்களில் பாதி இடைவேளைக்கு முன்பே முடிந்திருக்கும். இதைத் தியேட்டரில் உரக்கச் சொல்லிப் பலமுறை திட்டு வாங்கியிருக்கிறேன். என் பிழைப்பு அப்படி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் சேஃப்டி பிரிவில் வேலை. உயரத்தில் ஏறவேண்டுமா, வெல்டிங் வைக்கவேண்டுமா, தொட்டிக்குள் இறங்கவேண்டுமா, பர்மிட்டில் நான் கையெழுத்துப் போடவேண்டும். போடமாட்டேன் என்று சொல்வதுதான் வேலையில் முக்கால்வாசி. அதனால் அங்கே எனக்குப் பட்டப்பெயர்கள் நிறைய உண்டு, ஒன்றையும் இங்கே எழுத முடியாது.

என்னோடு படம் பார்ப்பவன் அதே தொழிற்சாலையில் ஃபிட்டர். பொன்னேரிக்காரன். அவன் அப்பாவும் அம்மாவும் பிறத்தியார் வயலில் நாற்று நட்டவர்கள். இவன் ஓடுகிற பம்ப்பின் சத்தத்தைக் கேட்டே பேரிங் போய்விட்டது என்று சொல்வான். பதினைந்து வருஷமாக எங்களுக்குள் ஒரு பழக்கம். ராட்சசப் பிராணி, பேய், வேற்றுக்கிரகம், எது எண் போட்டுக்கொண்டு பாகம் பாகமாக வந்தாலும், இருவருக்கும் வார விடுமுறை ஒத்துவரும் நாளில் பொன்னேரியில் மதியக் காட்சிக்குப் போய்விடுவோம். அந்தத் தியேட்டரில் சீட்டுகளுக்கு நம்பர் உண்டு, மதிப்பவர்தான் இல்லை. முதலில் போகிறவன் பக்கத்து சீட்டில் கர்ச்சீப் போட்டு வைக்கவேண்டும் என்பது சட்டம். செல்போனில் இந்தப் படங்களைப் பார்ப்பதை இருவருமே ஒப்புக்கொள்வதில்லை. நாலு மாடி உயரப் பிராணியைக் கரப்பான்பூச்சி அளவில் பார்த்தால் பயமா வரும்? செருப்பைத் தேடத்தான் கை போகும்.

பேய்ப் படங்களைப் பற்றி என் கருத்து சுருக்கமானது. முதல் பாகத்தில் அந்த பங்களாவை வாங்குகிறவனை நான் குறை சொல்லமாட்டேன். பாவம், புரோக்கர் மறைத்துவிட்டான். இரண்டாம் பாகத்தில் அதே பங்களாவைக் குடும்பத்தோடு போய் வாங்குகிறானே, அவனைப் பேய் அடிப்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. நம் ஊர்ப் பேய்களுக்கு வேறு கஷ்டம். மூன்று பேர் சேர்ந்து ஒரு பெண்ணைக் கொன்றிருப்பார்கள், அவள் முதல் பாகத்திலேயே மூவரையும் முடித்துவிடுவாள். இரண்டாம் பாகத்துக்குக் கொல்ல ஆள் கிடைக்காமல், சும்மா இருந்த காமெடியனைத் துரத்திக்கொண்டிருப்பாள். மூன்றாம் பாகத்தில் அவளும் காமெடியனும் சேர்ந்து குத்துப்பாட்டு ஆடுவார்கள்.

ஒருமுறை அவன் மனைவியும் எங்களோடு வந்தாள். சமையலறையில் பேயைப் பார்த்த கதாநாயகி அலறியடித்து ஓடினாள். தியேட்டரே உறைந்து கிடக்கும்போது இவள் என் பக்கம் சாய்ந்து, "இன்னாண்ணா இது, கேஸ அணைக்காமயே ஓடுது பாருங்க" என்றாள். இவளை நாளைக்கே சேஃப்டியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவனிடம் சொன்னேன். அவள் என்னை அண்ணா என்று கூப்பிடுவது எனக்குப் பிடிக்கும், எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை.

எங்களுக்கு உயிரான பட வரிசை ஒன்று உண்டு. கப்பலின் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு புழு புகுந்து, வளர்ந்து, ஆட்களைத் தின்கிற கதை. தமிழ் டப்பிங்கில் கேப்டன் பொன்னேரி பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரரைப் போலப் பேசுவார். இங்கிலீஷில் என்ன பேசினாரோ, நிச்சயம் இதைவிட மட்டமாகத்தான் இருந்திருக்கும். ஒவ்வொரு பாகத்திலும் கீழ்த்தளத்தில் ஏதோ சத்தம் கேட்கும். பத்துப் பேர் இருக்கிற கப்பலில் ஒருவன் மட்டும் டார்ச்சை எடுத்துக்கொண்டு, "நான் பார்த்துட்டு வரேன்" என்று கிளம்புவான். உடனே என் சிநேகிதன் எழுந்து நின்று, "போகாத நைனா! பர்மிட் வாங்கினியா?" என்று கத்துவான். முதல் பாகத்தில் நாலு பேர் முறைத்தார்கள். மூன்றாம் பாகத்தில் பின்வரிசைக்காரர்கள் அவனோடு சேர்ந்து கத்தினார்கள்.

என் கோபம் அந்தப் புழுவின் மேல் இல்லை, பசிக்குத் தின்கிறது. கப்பலை அனுப்பும் கம்பெனிமேல்தான் கோபம். எங்கள் தொழிற்சாலையில் ஒருவனுக்கு விரல் நசுங்கினாலே ஏன், ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டு எழுதி, அடியில் எல்லோரும் கையெழுத்துப் போடவேண்டும். இவர்கள் மூன்று கப்பல் நிறைய ஆட்களைப் பறிகொடுத்துவிட்டு, நாலாவதாக அதே மாடல் கப்பலை, அதே தொட்டியோடு, மூடிக்கு ஒரு பூட்டுகூடப் போடாமல் அனுப்புகிறார்கள்.

நிஜ ராக்கெட் எப்படிப் போகும் என்பது எங்கள் பக்கத்து ஜனங்களுக்குத் தெரியும். பழவேற்காட்டு ஏரிக்கு அந்தப் பக்கத்துத் தீவிலிருந்து அது கிளம்பும்போது நாங்கள் ஷெட் வாசலுக்கு வந்து நிற்போம். தகரக் கூரை அதிர்ந்து ஓய்வதற்குள் சூப்பர்வைசர் உள்ளே விரட்டுவார். பாதி நாள் அண்ணாந்து நின்றதுதான் மிச்சம், ஏதோ ஒரு வால்வில் சந்தேகம் என்று தள்ளிவைத்துவிடுவார்கள். எல்லோரும் சலித்துக்கொள்வார்கள், எனக்கு மட்டும் அந்த நாட்களில்தான் அவர்கள்மேல் மரியாதை கூடும்.

நாலாம் பாகத்தில் ஒரு காட்சி. இரண்டு பேர் தொட்டி அறைக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். ஓடிப்போய்க் கதவைத் திறக்கப் பார்க்கிறவர்களை ஓர் அதிகாரி அம்மா தடுக்கிறாள். முறையான கருவியோடு ஆட்கள் வரும்வரை திறக்கக்கூடாது என்று கதவை மூடிவிட்டு அதன் குறுக்கே நிற்கிறாள். தியேட்டர் அவளைக் கிழித்துத் தொங்கவிட்டது. நான் ஒருவன் மட்டும் எழுந்து கை தட்டினேன். ஒரு பாப்கார்ன் பொட்டலம் என் பிடரியில் வந்து விழுந்தது.

வெளியே டீக்கடையில் என் சிநேகிதனே சண்டைக்கு வந்தான். "மனுஷனாடா நீ? உள்ள கீறது அவ கூட வேலை செஞ்ச ஆளுங்கடா."

"தொறந்தா வெளிய கீறவனும் சாவான்."

"நா உள்ள இருந்தா?"

"நீ இருந்தா பூட்டும் சேத்துப் போடுவேன்" என்றேன். டீ மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரித்தான்.

போன வருஷம், மழைக்கு முன்னால் ஒரு காலை நேரம். கழிவுநீர்க் குழியின் மேலே இருக்கும் பம்ப்பை மாற்றும் வேலை அவனுக்கு. மேலே வேலை செய்யத்தான் பர்மிட், குழிக்குள் இறங்க இல்லை. கையெழுத்துப் போட்டவன் நான். ஸ்பேனர் கைதவறிக் குழிக்குள் விழுந்திருக்கிறது. கணுக்கால் அளவுதான் சேறு. "ரெண்டு நிமிஷம், எட்தாந்துர்றேன்" என்று கூட நின்ற ஆபரேட்டரிடம் சொல்லிவிட்டு ஏணியில் இறங்கியிருக்கிறான். கத்திக் கத்தியே ஒரு தியேட்டருக்குப் பாடம் எடுத்தவன். கீழே குனிந்தவன் அப்படியே மடிந்து விழுந்தான்.

நான் ஓடிப்போனபோது குழியின் வாயில் மூன்று பேர். ஒருவன் ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டான். அவன் காலரைப் பிடித்து இழுத்துத் தள்ளினேன். ஃபயர் ரூமிலிருந்து மூச்சுக் கருவி கொண்டுவரச் சொன்னேன், காற்றடிக்கும் ப்ளோயரின் குழாயை உள்ளே விடச் சொன்னேன். பிறகு குழியின் வாய்மேல் இரண்டு காலையும் அகட்டி வைத்து நின்றுகொண்டேன். விஷவாயுக் குழியில் ஒருவன் விழுந்தால், தூக்க இறங்குகிறவன் அவன்மேல் விழுவான், மூன்றாமவன் அந்த இருவர்மேலும் விழுவான். இதைத்தான் நான் வருஷத்துக்கு நாலு முறை வகுப்பெடுக்கிறேன். கீழே அவனுடைய மஞ்சள் ஹெல்மெட் தெரிந்தது. பக்கத்தில் ஒரு கை, உள்ளங்கை மேலே பார்த்தபடி கிடந்தது.

"உன் சிநேகிதன்டா கீழ கீறான்! மனுஷனாடா நீ?" என்று ஆபரேட்டர் என் முதுகில் குத்தினான். நான் நகரவில்லை.

நாலு நிமிஷம் என்று பிறகு ரிப்போர்ட்டில் எழுதினேன். எழுதும்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை, நாற்பது என்றிருந்தால் நம்பியிருப்பேன். கருவி மாட்டிய இருவர் இறங்கி, கயிறு கட்டி அவனைத் தூக்கினார்கள். மூச்சு இருந்தது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

ரிப்போர்ட்டில் எழுதாத ஒன்று உண்டு. குழியின்மேல் நின்றபோது நான் பயந்துபோயிருந்தேன். இறங்கக்கூடாது என்பது விதி, சரி. ஆனால் விதியே இல்லாவிட்டாலும் நான் இறங்கியிருப்பேனா? தெரியவில்லை. பயத்துக்கு விதி ஒரு நல்ல சட்டையாகப் பொருந்திவிட்டதோ என்று பல நாள் யோசித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அவனிடம்தான் சொல்லியிருப்பேன், அவனோ ஐ.சி.யு.வில் கிடந்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் மனைவி என்னைப் பார்த்து எழுந்து நின்றாள். "நீங்கதான் யாரையும் எறங்க வுடலியாமே?" என்றாள். ஆமாம் என்றேன். காரணம் சொல்ல வாயெடுத்தேன், அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள். அந்தக் கேள்வியில் அண்ணா இல்லை என்பது வெளியே வந்து வண்டியைக் கிளப்பும்போதுதான் உறைத்தது.

இரண்டு மாதம் கழித்து அவன் வேலைக்குத் திரும்பினான். ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்திருந்தார்கள். என்னைப் பார்த்தால் தலையை ஆட்டுவான், நானும் ஆட்டுவேன். பதினைந்து வருஷம் ஒன்றாக டீ குடித்தவர்கள் கல்யாண வீட்டில் பார்த்துக்கொண்ட தூரத்துச் சொந்தக்காரர்களைப் போல ஆகிவிட்டோம். உயிரோடு இருக்கிறானே, அது போதாதா என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். போதவில்லை. எனக்கு அவன் வேண்டியிருந்தது.

ஐந்தாம் பாகம் வந்தது. பொன்னேரி ஸ்டேஷன் வாசலில் போஸ்டர், புழுவுக்கு இந்த முறை இறக்கை வேறு முளைத்திருந்தது. அவன் ஒன்றும் கேட்கவில்லை, எனக்கும் கேட்க வாய் வரவில்லை. விடுமுறை நாளில் தனியாக ரயிலேறிப் போனேன். உட்கார்ந்ததும் கை தானாகப் பக்கத்து சீட்டில் கர்ச்சீப்பைப் போட்டது. "ஆள் வராங்களா?" என்று மூன்று பேர் கேட்டார்கள். மூன்று பேரிடமும் வருகிறார்கள் என்று கூசாமல் சொன்னேன்.

படம் தொடங்கிப் பத்து நிமிஷம் இருக்கும். யாரோ முழங்கால்களை இடித்துக்கொண்டு வந்து, கர்ச்சீப்பை எடுத்து என் மடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். திரும்பிப் பார்க்காமலே அவன்தான் என்று தெரிந்தது.

திரையில் கீழ்த்தளத்தில் சத்தம் கேட்டது. ஒருவன் டார்ச்சை எடுத்தான். பின்வரிசை, "பர்மிட் வாங்கினியா?" என்று கத்திச் சிரித்தது. என் பக்கத்தில் இருந்தவன் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சத்தத்தைத் தியேட்டருக்குக் கற்றுக்கொடுத்ததே அவன்தான். படத்தைப் பாதியில் விட்டு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது.

பிறகு அந்தக் காட்சி வந்தது. அதே கதவு, உள்ளே மூன்று பேர். நாலாம் பாகத்து அம்மாவைப் புழு தின்றுவிட்டதால், அவளுடைய தங்கை என்று இன்னொருத்தி குறுக்கே நின்றாள். முகம்கூட அதே முகம், படக் கம்பெனி கதைக்காக மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. தியேட்டர் கூச்சலிட்டது. முன்சீட்டுக்காரர் எழுந்து, "மனுஷியா நீயி? தொறம்மா கதவ!" என்றார். என் கைகள் மடியிலேயே கிடந்தன, தட்ட வரவில்லை.

பக்கத்து சீட்டு படீரென்று மடிந்தது. அவன் எழுந்து நின்றிருந்தான்.

"தொறக்காத! தொறக்காதம்மா! நா உள்ள கெடந்து வந்தவன் சொல்றேன், தொறக்காத! மூச்சுக்கு மெஷின் வரட்டும்!"

தியேட்டரில் எல்லோரும் சிரித்தார்கள், வழக்கமான ஜோக் என்று நினைத்துக்கொண்டு. திரையில் தங்கைக்காரி மனம் இளகிக் கதவைத் திறந்தாள், புழு வரிசையாக ஆறு பேரைத் தின்றது. அவன் பொத்தென்று உட்கார்ந்தான். "பாத்தியா? சொன்னா கேக்குதா?" என்றான் என்னிடம்.

இடைவேளையில் வெளியே வந்தோம். டீயைக் கையில் கொடுத்துவிட்டு, "ஏன்டா எறங்கன?" என்று கேட்டேன். மாதக்கணக்கில் தொண்டையிலேயே இருந்த கேள்வி.

"ஸ்பேனர் ஸ்டோருதுடா. தொலைச்சா அந்த ஸ்டோர்காரன் ஒரு மாசம் பேஜாரு பண்ணுவான்" என்றான் வெட்கத்தோடு. "உன் மூஞ்சில முழிக்கவே கூச்சமா இருந்துச்சு. ஊர்ல கீறவனுக்கெல்லாம் பர்மிட் கேட்டுக்கினு, நானே போய் எறங்கிக்கீறேன். அவகிட்டயும் நேத்துதான் புரியவெச்சேன். அண்ணன ஊட்டுக்குக் கூட்டிக்கினு வான்னா."

நான் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "ரூலுக்காக மட்டும் நிக்கலடா. எனக்குப் பயமா இருந்துச்சு. அதனாலயும்தான் எறங்கல."

அவன் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கப்பைக் கசக்கினான். "பயப்படாதவன் எங்க கெடந்தான்னு பாத்த இல்ல?" என்றான். "வா, மணி அடிச்சுட்டான். ரெக்கை மொளைச்ச புழு இன்னா பண்ணுதுன்னு பாப்போம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டு அவன் பின்னால் போனேன். வாசலில் டிக்கெட் கிழிப்பவர், இந்தப் படத்துக்கெல்லாமா சார் அழுவாங்க என்று கேட்டார்.