ஒரு குறையும் இல்லை

எண்பதுகளின் நடுவில் என் கணவர் சவூதியில் வேலை செய்தார். எழுதப் பஞ்சிப்படுகிறவர், அவ்வளவு சோம்பல். கடிதத்துக்குப் பதிலாகக் கசட்டில் பேசிப் பதிந்து, லீவில் எங்கள் ஊர் கல்முனைக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். முதல் கசட்டிலேயே எனக்கு ஒரு வைத்தியம் சொல்லியிருந்தார்.

“மனம் பதறினா அல்லாஹ் தந்தத ஒவ்வொண்டா நினைச்சி அல்ஹம்துலில்லாஹ் செல்லு புள்ள. எனக்குப் பேசக்குள்ளயும் அதையே பேசு. கேட்டா எனக்கும் நிம்மதி.”

சொன்னேன். அசர் தொழுதுவிட்டுப் பாயிலேயே இருந்து சொல்வேன். மகளுக்குக் காய்ச்சல் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். சொல்லச் சொல்ல நெஞ்சு லேசாகும், அது பொய்யில்லை. ஆனால் பாயைச் சுருட்டுவதற்குள், இவ்வளவும் பறிபோனால் என்ன செய்வேன் என்ற பயம் வந்துவிடும். நாட்டில் சண்டை தொடங்கியிருந்த காலம் அது. றோட்டில் ஆமி ஜீப் சத்தம் கேட்டால் மகளை இழுத்துக்கொண்டு அறைக்குள் ஓடுவேன். கடைத்தெருவில் வெடிச்சத்தம் கேட்டு ஆட்கள் ஓடினார்கள் என்று கேள்விப்பட்டால் அன்று முழுக்கச் சோறு இறங்காது.

இதில் ஒன்றையும் நான் அவருக்குப் பதிலாக அனுப்பும் கசட்டில் பேசவில்லை. குறை சொன்னால் நன்றிகெட்டவளாகிவிடுவேனோ என்று அதற்கும் ஒரு பயம். பேசிக்கொண்டிருக்கும்போது ஜீப் வந்தால் ரெக்கோடர் பட்டனை அமத்தி நிறுத்துவேன். அது போனபிறகு சிரித்த குரலில் தொடர்வேன்.

“எங்களுக்கு ஒரு குறையும் இல்ல மச்சான், அல்ஹம்துலில்லாஹ்.”

போட்டுக் கேட்டால் எனக்கே நம்பத் தோன்றும். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

இரண்டு வருட ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருந்தது. அவர் வரப்போகிறார் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினேன். அவருக்கு முன்னால் கசட் வந்தது.

“நீங்க நிம்மதியா இரிக்கிறது உன்ட குரல்லயே தெரியிது புள்ள. அதால இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து வெச்சிட்டன்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யாரைக் கோபிப்பது? அவர் கேட்டதைத்தானே கொடுத்தேன்.

உடனே புதுக் கசட் ஒன்றைப் போட்டேன். சலாம் சொன்னேன். பழக்கத்தில் நாக்கு அல்ஹம்துலில்லாஹ் என்றது.

“மச்சான், எனக்குப் பயமா இரிக்கி. வந்திருங்க,” என்றேன். பிறகு அழுகைதான் வந்தது.

அதைக் கொண்டுபோக ஆள் கிடைக்க ஏழு வாரமானது. அந்த ஏழு வாரமும் அவர் அங்கே என் பழைய கசட்டைப் போட்டுக் கேட்டு, நான் சுகமாக இருப்பதற்காக அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.