செம்பில் தெரியாத நிறம்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவருடைய ரேடியோவை உடைத்தேன். கோபத்தில் இல்லை. எனக்கு ஒரு காந்தம் வேண்டியிருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். சாயம் கலந்த தண்ணீரிலிருந்து நிறத்தைப் பிரித்தெடுப்பது என் வேலை. உமிச் சாம்பலைக் காரத்தில் காய்ச்சி வடித்து, காந்தத்தில் ஒட்டும் கறுப்பு இரும்புத் தூளை அதில் கலந்து, அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் நுங்கு மாதிரி உறையும். உள்ளே இருக்கும் தண்ணீரை ஸ்பிரிட் மாற்றி மாற்றி ஊற்றிப் பல நாள் வெளியேற்ற வேண்டும். பிறகு மெதுவாக உலர்த்த வேண்டும். அவசரப்பட்டால் சுருங்கி வெடித்துவிடும். பொறுமையாகச் செய்து பொடித்தால் கிடைக்கும் கறுப்புத் தூளின் உள்ளே முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். துளை சாயத்தைப் பிடித்துக்கொள்ளும், காந்தம் தூளைப் பிடித்துக்கொள்ளும். வெளிநாடுகளில் இதே சங்கதியைப் பஞ்சைவிட லேசாகச் செய்து ஏரோஜெல் என்றார்கள். அதற்கு வேண்டிய அழுத்தக் கருவி எங்களிடம் இல்லை. எங்களுடையது அதற்கு ஒன்றுவிட்ட தங்கச்சி, அவ்வளவுதான்.

ஆய்வகத்தில் இருந்த லாடக் காந்தம் ஒரு குண்டூசியைத் தூக்கவே யோசிக்கும். அங்கே உதவியாளராக இருந்த அண்ணாச்சிதான் வழி சொன்னார். “வீட்ல பழைய ரேடியோ கெடந்தா பாருங்கம்மா. ஸ்பீக்கருக்குப் பின்னால வட்டமா ஒரு காந்தம் இருக்கும். அது இழுக்கும் இழுவையே தனி.”

அப்பாவின் ரேடியோவை முன்பே கேட்டிருக்கலாம். காலைச் செய்தி கேட்காமல் பல் தேய்க்காத மனிதரிடம் அதை எப்படிக் கேட்பது? இப்போது கேட்கத் தேவையில்லை. திருப்புளியால் கழற்றினேன். ஒரு திருகு வரவில்லை, உடைத்தேன். அம்மா அடுக்களை வாசலில் நின்று, “அதையுமாட்டி?” என்று மட்டும் கேட்டாள்.

அப்பாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. கடைசியில் சிறுநீரகம் என்றார் டாக்டர். வீட்டில் எல்லோரும் அழுதார்கள், எனக்கு வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னம் மரத்துக் கிடக்குமே, அப்படி இருந்தேன். வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தேன், பந்தியில் இலை எடுத்தேன். கெட்டிக்காரப் பெண் என்றார்கள்.

எங்கள் வீட்டுப் பின்புறம் அப்பா கூடவே நின்று வெட்டவைத்த கிணறு ஒன்று உண்டு. அதில் பருப்பு வேகாது என்று சமையலுக்குக் குழாய்த் தண்ணீர், குடிக்க மட்டும் கிணற்றுத் தண்ணீர். அதுவும் அப்பாவுக்குத் தாமிரச் செம்பில் ஊற்றி வைத்தால்தான் இறங்கும். “தாமிரவருணிக் கரையில பொறந்துட்டு எவர்சில்வர்ல குடிக்கச் சொல்லுதியளா?” என்பார். தெருவுக்குப் பின்னால் ஒரு சாயப்பட்டறை வந்தபோது நாற்றத்துக்காகத் திட்டினோம், கிணற்றைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. “அந்தத் தண்ணி வாய்க்காலுக்கில்லா போகுது. நம்மது ஊத்துக் கெணறு” என்று அப்பா சொன்னார். வேதியியல் படித்த நானும் தலையாட்டினேன்.

ஆராய்ச்சிக்காக ஊரெல்லாம் தண்ணீர் எடுத்தேன். வண்ணார்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கிச் சாக்கடையில் எடுத்தேன், வாய்க்கால் வாய்க்காலாக எடுத்தேன். ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான தண்ணீர் வேண்டும் என்று ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு, தாமிரவருணி மலையிலிருந்து இறங்கும் பாபநாசத்துக்கே போய் வந்தேன்.

புதுக் காந்தத்தோடு கல்லூரிக்குப் போன அன்று பாபநாசத் தண்ணீர் தீர்ந்திருந்தது. வாய்க்கால் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றினேன். இன்னொரு குவளையில், சுத்தத் தண்ணீர் என்று, நான் குடிக்க வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்த பச்சைப் பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து ஊற்றினேன். இரண்டையும் வெள்ளைத்தாள் மேல் வைத்தேன்.

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். “என்னம்மா, ரெண்டுலயும் சாயத் தண்ணிய ஊத்திட்டியளே?”

ஒன்று கத்தரிப்பூ நிறம். இன்னொன்றும் அதுதான், மங்கலாக. தாளில்லாமல் பார்த்தால் தெரியாது. பச்சைப் பாட்டிலில் தெரியாது. தாமிரச் செம்பில் தெரியவே தெரியாது.

அந்தத் தண்ணீர்தான் அப்பாவைக் கொன்றது என்று சொல்ல எனக்கு அறிவு போதாது. இல்லை என்று சொல்லவும் போதாது. கிணற்றுத் தண்ணீர்க் குவளையில் தூளைப் போட்டுக் கலக்கி, காந்தத்தை வெளியே ஒட்டிப் பிடித்தேன். கறுப்பெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கியது, தண்ணீர் தெளிந்தது. அதுவரை கிடைத்ததிலேயே நல்ல முடிவு. நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒன்றும் தோன்றவில்லை. பிறகுதான் வீட்டில் அம்மா இன்னும் அதைக் குடித்துக்கொண்டிருக்கிறாள் என்பது உறைத்தது. தூளையும் காந்தத்தையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

விளக்கேற்றும் நேரம். அப்பா போனதிலிருந்து அவர் படத்துக்கு முன்னால் அம்மா அதே செம்பில் தண்ணீர் வைப்பாள், கொஞ்ச நேரம் கழித்து அவளே எடுத்துக் குடிப்பாள். நான் போனபோது கையில் எடுத்திருந்தாள்.

“அம்மா, குடிக்காத” என்று பிடுங்கி, விருந்தாளிக்குச் சர்பத் கொடுக்கும் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு அதன்மேல் வைத்தேன். அம்மா குனிந்து பார்த்தாள்.

“இது எப்பருந்துட்டி?”

“தெரியலம்மா.”

“நீ சாயத்த எடுக்குத படிப்புதான படிக்க?”

“ஆமா.”

“பாபநாசம் வரைக்கும் போய்த் தண்ணி எடுத்தியே. நம்ம தண்ணிய ஒரு நாளாவது கொண்டுபோய்ப் பாத்தியாட்டி?”

சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள். கைக்கு வேலை வேண்டுமென்று தூளைப் போட்டுக் கலக்கினேன், தம்ளரின் பக்கத்தில் காந்தத்தைப் பிடித்தேன். “இப்பப் பாரும்மா, நெறம் போயிட்டு. மத்தது போயிருக்கான்னு தெரியாது, இதையும் குடிக்கக் கூடாது. ஆனா நெறம் போயிட்டு” என்று உளறினேன்.

அம்மா தண்ணீரைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள்.

“இது அவிய ரேடியோவுல இருந்து எடுத்ததா?”

“ஆமா.”

“அவிய இருக்கும்போதே ஒடச்சிருக்கலாம்லா.”

செம்பை எடுத்துக்கொண்டு அம்மா கொல்லைக்குப் போனாள். மிச்சத் தண்ணீரை வாழை மூட்டில் கொட்டும் சத்தம் கேட்டது. எனக்கு அப்போதுதான் வலித்தது.