எண்பதுக்கு மேல் ஏற்றாத மனுஷன்

என் வீட்டுக்காரர் மின்சாரக் காரை ஒருநாளும் முழுசாகச் சார்ஜ் ஏற்ற மாட்டார். நூற்றுக்கு எண்பது ஆனதும், பாதிச் சாப்பாட்டில்கூட எழுந்துபோய் ஒயரைப் பிடுங்கிவிடுவார். “பேட்டரியும் வயிறு மாதிரிதாம்ட்டி. முட்ட முட்டத் திணிச்சா சீக்கிரம் கெட்டுப்போகும். எண்பதோட நிறுத்துனா நம்ம காலத்துக்கு அப்புறம் பிள்ளையும் ஓட்டுவா” என்பார். பிள்ளை என்றால் எங்கள் ஒரே மகள். பெங்களூரில் வேலை பார்க்கிறாள்.

“இந்த உபதேசத்த மொதல்ல உங்க வயித்துக்குச் சொல்லுங்க. தேங்காப்பால் சொதியக் கண்டா எண்பதுல நிக்குதா?” என்று கேட்பேன். சிரித்துக்கொண்டே கையைக் கழுவப் போய்விடுவார்.

அவருக்குப் பணகுடிப் பக்கம் காற்றாலையில் வேலை. ஆனி ஆடியில் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும்போதுதான் மனுஷன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவார். அவ்வளவு கரண்டையும் வாங்கிக்கொள்ள லைனில் இடமில்லை, ஆலையை நிறுத்து என்று உத்தரவு வந்துவிடுமாம். “தானா வார காத்த வேண்டாங்கான். பொழுது சாஞ்சா கரிய எரிக்கான். வீட்டுக்கு வீடு இப்படி ஒரு கார் நின்னா, மிஞ்சுதத அதுல அடச்சு வச்சு, இல்லாத நேரம் எடுத்துக்கிடலாம்லா?” என்று சோற்றுத் தட்டிடம் நியாயம் கேட்பார். அதற்காகவே வாங்கிய கார் அது. அதிலிருந்து வீட்டுக்குக் கரண்ட் எடுக்கலாம். முதல்முறை கரண்ட் போனபோது, காரிலிருந்து ஒயர் இழுத்து மிக்ஸியை ஓடவிட்டுத் தெருவையே கூப்பிட்டுக் காட்டினார். ஒரு தேங்காய்ச் சட்னிக்கு இவ்வளவு அலட்டலா என்று எனக்குச் சிரிப்பு. சட்னி என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

மார்கழி பிறந்த கையோடு மழை பிடித்தது. ஆற்றுக்குள் இருக்கிற குறுக்குத்துறை முருகன் கோவிலை வெள்ளம் மூடியபோது யாரும் பயப்படவில்லை, அது வழக்கம்தானே. ஊருக்குள், வண்ணார்பேட்டை வரைக்கும் தண்ணீர் ஏறிவிட்டது என்றதும்தான் அவரிடம் போய் நின்றேன்.

“ஏங்க, இன்னிக்காவது நிறைய ஏத்துங்க.”

“எண்பது போதும்ட்டி. அதுல வீடே ரெண்டு நாளைக்கு ஓடும்.”

சொல்லிவிட்டு ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது.

மறுநாள் காலையில் காபியைக் கையில் வாங்கியவர், நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றார். டம்ளர் கீழே விழுந்தது. பாலத்தைத் தாண்டி ஆம்புலன்ஸ் வர வழியில்லை. பக்கத்துத் தெரு டாக்டர் தண்ணீரில் நடந்து வந்து, கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவுதான். என் உலகம் முடிந்துபோனது.

மகள் உடனே கிளம்பிவிட்டாள். ரயில் கோவில்பட்டியோடு நின்றுவிட்டது. “எம்மா, எப்படியாவது வந்துருவேன். அப்பாவ எடுத்துராதீங்க. ஒரு தடவ மூஞ்சியப் பாக்கணும்மா” என்று போனில் கதறினாள். அதற்குப் பிறகு போனும் கிடைக்கவில்லை.

அவரை வைக்க ஐஸ் பெட்டி கிடைத்தது, ஓட்டக் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிற கடையே தண்ணீருக்குள் கிடந்தது. என் கொழுந்தன்தான் காரிலிருந்து ஒயரை இழுத்துப் பெட்டியில் மாட்டினார். பெட்டி உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. பாவி மனுஷா, இதுக்காகவா இந்தக் காரை வாங்கினீங்க?

கூடத்துக்கும் காருக்குமாக நடந்தேன். பெட்டிக்குள் முகம் தூங்குகிற மாதிரி அப்படியே இருந்தது. பெட்டி இழுத்த இழுப்பில் காரில் எண் மளமளவென்று இறங்கிக்கொண்டே வந்தது. தண்ணீர் கொஞ்சம் வடிந்தால் இந்தக் காரிலேயே போய்ப் பிள்ளையைக் கூட்டி வரலாமே என்று யாரோ சொன்னார்கள். கார் போனால் பெட்டி நின்றுவிடுமே! அவளுக்காகத்தானே பெட்டி.

அதற்கடுத்த நாள் காரில் சார்ஜ் தீர்ந்து, பெட்டியின் சத்தம் நின்றது. மழை விட்டு வெயிலும் வந்திருந்தது. அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் அப்போதுதான் வெடித்தது.

“மதினி, கண்ணாடியில வேர்க்க ஆரம்பிச்சிட்டு. இனி வைக்கக் கூடாது” என்றார் கொழுந்தன், பைய.

“செத்த நேரம் பொறுங்க தம்பி. பிள்ளை வந்துருவா.”

அந்தச் செத்த நேரம், செத்த நேரம் என்று சொல்லியே சாயங்காலம் வரை இழுத்தேன். பிறகு நானே “எடுத்துருங்க” என்றேன். அதைச் சொன்ன வாய் இது.

வீட்டைக் கழுவிவிட்டு விளக்கு ஏற்றிய நேரத்தில் மகள் வந்தாள். டிராக்டரிலும் நடந்துமாக வந்திருக்கிறாள், இடுப்பு வரை சேறு. வாசலில் கால் வைத்தவள் ஈரத் தரையைப் பார்த்தாள்.

“கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதாம்மா?”

காரைக் காட்டினேன். ஒயர் இன்னும் வாசல் வரை நீண்டு கிடந்தது.

“அப்பா எண்பதுதான் ஏத்தியிருந்தாவளா?” என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

இந்த ஆடிக்கு வந்திருந்தாள். நல்ல காற்று. காரைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றவள், எண்பது ஆனதும் பிடுங்கிவிட்டாள்.

“நூறு ஆகட்டும்ட்டி.”

“கெட்டுப்போகும்மா. எனக்காகத்தானே அப்பா எண்பதோட நிறுத்துனாவ.”

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. “கெட்டுத் தொலையட்டும்!” என்று அவள் கையிலிருந்து ஒயரைப் பிடுங்கி நானே மாட்டினேன். அவள் தடுக்கவில்லை. எண்பத்தொன்று என்று காட்டியதும் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம்.