அக்கா பிரித்தெடுத்த ஓடை மண்

எங்கள் அக்கா காலமாகி இந்த மாசியோடு ஓராண்டு முடிகிறது. திதிக்கு வரும் உறவினரும் நண்பர்களும் கையில் எடுத்துச் செல்ல ஒரு சிறு நினைவு மலர் அச்சிட்டுப் போடலாம் என்று வீட்டார் சொன்னபோது, எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பல நாள் எழுத உட்கார்ந்து அப்படியே எழுந்துவிட்டேன். அக்காவைப் பற்றி உள்ளபடி எழுதினால் என்னைப் பற்றியும் உள்ளபடி எழுத வேண்டிவரும். எனக்கும் அறுபது நெருங்குகிறது. இனியும் தள்ளிப்போடத் தெம்பில்லை.

அக்கா நல்லேப்பிள்ளியில் பிறந்தார். நாங்கள் இரண்டே பிள்ளைகள். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் என்னை இடுப்பில் சுமந்து வளர்த்தவர் அக்காதான். பதினான்கு வயதில் அவருக்குக் கல்யாணம் ஆயிற்று. மாமா மூணாறு மலையில் தேயிலைத் தோட்டத்து மேஸ்திரி. சின்னக்கானலில் மழையும் அட்டையும் குளிருமாக ஆறு வருஷம் இருந்தார்கள். ஏழாம் வருஷம் மலைக்காய்ச்சலில் மாமா இறந்தார். குழந்தை இல்லை. ஒரு துணி மூட்டையோடு வீடு வந்து சேர்ந்த அன்று அக்கா அழவில்லை. "பசிக்குது தம்பி, சோறு இருக்குதா?" என்று மட்டும் கேட்டார். அதன்பின் அப்பாவின் சீக்கு, என் கல்யாணம், என் மனைவியின் பிரசவங்கள் எல்லாவற்றையும் அவரே பார்த்தார். அவர் சும்மா உட்கார்ந்து நான் கண்டதில்லை.

சித்தூரில் ஒரு பெரியவர் குடியிருந்தார். பாறைகளையும் மண்ணையும் ஆராயும் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரிடம் எழுத்து வேலை பார்த்தேன். ஐயா என்றுதான் எல்லோரும் அழைப்போம். அரியலூர்ப் பக்கத்து ஓடைகளில் அள்ளிய மண் மூட்டை மூட்டையாக ரயிலில் அவருக்கு வந்து இறங்கும். அந்த மண்ணில் மிகப் பழைய காலத்துக் கடல் உயிர்களின் ஓடுகள் கல்லாகிக் கிடந்தன. பெரும்பாலானவை கடுகிலும் சிறியவை. மண்ணை ஊறவைத்து, துணியில் அலசி, உலர்த்தி, கறுப்புப் பூசிய தகரத் தட்டில் பரப்பி, பூதக்கண்ணாடியின் கீழே நுனி நனைத்த தூரிகையால் ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும். ஐயாவின் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. எனக்குப் பொறுமை இல்லை. ஒருநாள் ஒரு தட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து அக்கா முன்னால் வைத்தேன்.

அக்கா குனிந்து வெகுநேரம் பார்த்தார். "இதெல்லாம் கல்லு இல்லீடா தம்பி. ஆரோ செஞ்சு வெச்ச மாதிரி இருக்குது" என்றார்.

அன்று தொடங்கியது. மாட்டுக்கொட்டகையை ஒட்டிய ஜன்னலோரத்தில் தட்டை வைத்துக்கொள்வார். வீட்டு வேலை முடிந்து வெளிச்சம் நன்றாக இருக்கும் பொழுதெல்லாம் குனிந்தபடி இருப்பார். பலமாக மூச்சு விட்டால் ஓடுகள் பறந்துவிடும் என்று முந்தானையால் வாயை மூடிக்கொள்வார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகையால் வடிவம் பார்த்து அவரே பெயர் வைத்தார்: சீரகம், முறுக்கு, மூக்குத்தி, உளிப்பல். ஐயா அந்தப் பெயர்களைக் கேட்டுச் சிரித்தார். ஆனால் தம் நோட்டில் லத்தீன் பெயருக்குப் பக்கத்தில் அவற்றையும் எழுதிக்கொண்டார். தாம் ஒரே இனம் என்று நினைத்த முறுக்குகளை அக்கா வலம் சுழித்தது, இடம் சுழித்தது என்று இரண்டாகப் பிரித்து வைத்ததைக் கண்டபின் அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

"இது பூராவும் கடல்ல வாழ்ந்ததுங்கம்மா" என்றார் ஐயா ஒருமுறை.

"அரியலூர்ல ஏதுங்க கடலு?"

"ஒரு காலத்துல இருந்துதுங்கம்மா. அப்புறம் வத்திப்போச்சு."

"அதுக்கும் சலிச்சுப்போயிருக்குமுங்க" என்று சொல்லிவிட்டு அக்கா மறுபடி குனிந்துகொண்டார்.

இனி என் தவற்றைச் சொல்லவேண்டும். அந்தப் பெருவெள்ளம் வந்த ஆடியில் ஐயா வீட்டுப் பின்னறையிலும் தண்ணீர் ஏறியது. அலசி உலர்த்திய மண் அங்கே இரண்டு முறங்களில் இருந்தது. ஒன்று மேற்கு ஓடையின் மண், மற்றது கிழக்கு ஓடையின் மண். ஐயா அப்போது ஊரில் இல்லை. அவசரத்தில் இரண்டையும் ஒரே பானையில் கொட்டித் தூக்கிக்கொண்டு ஓடினேன். தண்ணீர் வடிந்ததும் பானையிலிருந்ததைச் சரிபாதியாக இரண்டு துணியில் கட்டி, ஒன்றில் மேற்கு என்றும் மற்றதில் கிழக்கு என்றும் சீட்டு எழுதி வைத்துவிட்டேன். வேலை போய்விடும் என்ற பயம். யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்த மூட்டைகளைத்தான் அக்காவிடம் கொண்டுவந்து கொடுத்தேன்.

நான்கு மாதம் கழித்து அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இது ரெண்டும் வேற வேற ஓடைன்னு தான சொன்ன?"

"ஆமாங்கக்கா."

"மேக்கத்தி ஓட்டுக்குள்ள எப்பவும் மஞ்ச மண்ணு அடச்சிருக்கும். கெழக்கத்தில சாம்பல் மண்ணு. மழைக்கு முந்தி வந்ததுல அப்படித்தான் இருந்துது. இப்ப ரெண்டு மூட்டைலயும் ரெண்டும் கெடக்குது."

அக்கா என் முகத்தையே பார்த்தார். பிறகு தூரிகையைத் துடைத்து வைத்தார்.

"நீ அய்யாகிட்டச் சொல்லோணும்."

"வேலை போயிருமுங்கக்கா. மூணு பிள்ளைக."

"எது முந்தின கடலு, எது பிந்தினதுன்னு அவரு இதை வெச்சுத்தான பாக்கறாரு. வயசான காலத்துல அவரைப் பொய்யி எழுத வெக்கிறயா? நீ சொல்ற வரைக்கும் நான் தட்டைத் தொட மாட்டேன்."

ஒரு மாதம் நான் சொல்லவில்லை. அக்காவும் தட்டைத் தொடவில்லை. கோபமாக ஒரு வார்த்தை இல்லை. சோறு போட்டார், துணி துவைத்தார், என் பிள்ளைகளுக்குத் தலை வாரினார். ஜன்னலோரத்தில் தட்டு மட்டும் துணி மூடிக் கிடந்தது. அதைப் பார்க்க மாட்டாமல் ஒருநாள் சித்தூருக்கு நடந்து போய் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

ஐயா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "அப்ப ரெண்டு மூட்டையும் வீண். இன்னொருக்கா அரியலூர் போக எனக்கு உடம்பில்லை" என்றார்.

வீடு வந்து சொன்னேன். "வீண் எதுக்கு? ஓட்டுக்குள்ள இருக்கற மண்ணைப் பாத்துப் பிரிச்சா ஆச்சு. எடுத்தது எடுக்காதது எல்லாத்தையும் மொதல்ல இருந்து பாக்கோணும்" என்றார் அக்கா. சொல்லும்போதே அவருடைய குரல் களைத்திருந்தது.

இரண்டரை வருஷம் ஆயிற்று. ஒவ்வொரு ஓட்டையும் திருப்பி, அதன் வாயில் மஞ்சளா சாம்பலா என்று பார்த்து, இரண்டு கிண்ணங்களில் போட்டார். உள்ளே மண் இல்லாதவற்றை மூன்றாவது கிண்ணத்தில் ஒதுக்கினார். நிச்சயமாகத் தெரியாத ஒன்றைக்கூட அவர் எந்தப் பக்கமும் சேர்க்கவில்லை. பிடரி நோவுக்கு என் மனைவி எண்ணெய் தேய்த்துவிடுவாள். முதலில் கண்ணில் நீர் வடிந்தது. பிறகு விளிம்புகள் மங்கின. "போதுங்கக்கா, விட்டுடுங்க" என்று நான் சொல்லும்போதெல்லாம், "பாதில விட்டா ஆருக்குமே ஆகாது" என்பார். கடைசிக் கிண்ணத்தை ஐயா கையில் கொடுத்த வாரம், அரிசியில் கிடந்த நெல்லை அக்காவால் பார்க்க முடியவில்லை.

அதன்பின் ஒருமுறை அவரைப் பொன்னானிக்கு அழைத்துப்போய் நிஜக் கடலைக் காட்டினேன். கரையில் உட்கார்ந்து ஒரு பிடி மணல் எடுத்து உள்ளங்கையில் பரப்பினார். கண்ணுக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு உதறினார். "போதும் தம்பி, ஊட்டுக்குப் போலாம்" என்றார்.

ஐயாவின் கட்டுரை அச்சுக்குப் போகும்போது அவர் என்னைக் கேட்டார்: "பிரிச்சது உங்க அக்கான்னு எழுதலாமா? பொம்பளைப் பேரை அச்சில போட்டா உங்க ஊட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?"

அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். "வேண்டாமுங்க" என்றேன். நன்றி சொல்லும் வரியில் என் பெயர் அச்சாயிற்று.

புத்தகம் வந்ததும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொன்னேன்.

"எம்பேரு இருக்குதா?"

"இல்லீங்கக்கா. எம்பேரு போட்டிருக்குது."

அக்கா அந்தப் பக்கத்தை விரலால் தடவினார். "வெள்ளத்துக்கு அப்புறம் போய்ச் சொன்னியே, அப்படி இதையும் சொல்லியிருக்கலாம்" என்றார். பிறகு சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தார். அதைப்பற்றி மறுபடி அவர் பேசவே இல்லை.

கடைசி இரண்டு வருஷம் பார்வை முழுதும் போய்விட்டது. நெஞ்சில் சளி கட்டி, எட்டு நாள் படுக்கையில் இருந்து, ஒரு மத்தியானம் அடங்கினார். ஐயா முன்னமே போய்விட்டார். அச்சான வரியை இனித் திருத்த யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே இந்த மலரிலேயே அச்சில் சொல்கிறேன்: அந்த ஓடை மண்ணில் உள்ள ஓடுகளை இனம் கண்டு பிரித்தவர் என் அக்கா. நான் மூட்டை சுமந்தவன், மூட்டையைக் கெடுத்தவன்.

எட்டு நாளும் மருந்து அரைத்துக் கொடுத்த அண்டை வீட்டாருக்கும், தோள் கொடுத்த பங்காளிகளுக்கும், சித்தூரிலிருந்து வண்டி அனுப்பிய ஐயாவின் மகனுக்கும், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்த என் மனைவிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அக்கா படம் எடுத்துக்கொண்டதில்லை. மூத்தவரைப் பெயர் சொல்லாமல் உறவுமுறை சொல்வதே நம் வழக்கம் என்பதால் இங்கே அக்கா என்றே எழுதினேன். மலரின் முதல் பக்கத்தில் படம் வரவேண்டிய இடத்தில் அவருடைய பெயரை மட்டும் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். "பொம்பளைங்க பேரு, இத்தனை பெருசா வேணுமுங்களா?" என்று அச்சகத்தார் இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் ஆமாம் என்றேன்.